விளக்கு எரிகிறது, பிரேக் பிடிக்கவில்லை

டிரெய்லரின் பின்விளக்குகள் எரிகின்றன. இண்டிகேட்டர் ஒழுங்காக மின்னுகிறது. ஃபியூஸ் போகவில்லை. சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் பிரேக்கை மிதித்தால், பின்னால் வரும் 3 டன் எடை வேகம் குறையாமல் முன்வண்டியை நெட்டித் தள்ளுகிறது. வட அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் பின்னால் வீட்டு டிரெய்லரோ குதிரை டிரெய்லரோ இழுத்துப் போகிறவர்களை அலைக்கழிக்கும் பழுது இது. அனுபவமுள்ள மெக்கானிக்குகள்கூட கன்ட்ரோலரை மாற்றிப் பார்த்து, பிரேக் காந்தங்களை மாற்றிப் பார்த்து, பணம் கரைந்தபின் பழையபடி அதே இடத்தில் வந்து நிற்பதுண்டு. மேலே சொன்ன நான்கு சோதனைகளும் காட்டியது உண்மைதான். ஆனால் பிரேக் பிடிக்கத் தேவையான முக்கியமான ஒன்றை அவை சோதிக்கவே இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஓம் விதியும் கிர்க்காஃப் விதியும் போதும். இரண்டும் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான்.

முதலில், இதை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும் என்று பார்ப்போம். கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரை ஐசனோவர் சுரங்கம் வழியாகக் கடக்கிறது. சுரங்கம் இருக்கும் உயரம் சுமார் 3,400 மீட்டர். அங்கிருந்து இறங்கும் சாலையில் சரிவு 7 சதவிகிதம் வரை போகிறது. 100 மீட்டருக்கு 7 மீட்டர் இறக்கம். 3,000 கிலோ டிரெய்லர் ஒன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 11.6 லட்சம் ஜூல். அதே டிரெய்லர் 7 சதவிகிதச் சரிவில் 10 கி.மீ. இறங்கினால் புவியீர்ப்பு அதற்குத் தரும் ஆற்றல் 2 கோடி ஜூலைத் தாண்டிவிடும். காற்றின் எதிர்ப்பும் எஞ்சினின் இழுவையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். டிரெய்லரின் சக்கரங்கள் தம் பங்கை ஏற்காவிட்டால் முழுச் சுமையும் டிரக்கின் பிரேக்குகள்மேல் விழுகிறது. அவை சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிமானம் இழக்கின்றன. அதனால்தான் அமெரிக்க மாநிலங்கள் குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் வேண்டும் என்கின்றன. பல மாநிலங்களில் அந்த வரம்பு 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ.

ஐரோப்பாவில் கார்கள் இழுத்துச் செல்லும் கேரவன்களில் இந்தப் பழுதுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கார் வேகம் குறைந்ததும் பின்னாலிருந்து கேரவன் தள்ளுகிற தள்ளலே இணைப்புத் தண்டை அழுத்தி, கேபிள் வழியாக பிரேக்கைப் பிடிக்க வைத்துவிடும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில்தான் மின்காந்த பிரேக் பரவலாக இருக்கிறது.

அந்த பிரேக்கின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் ஒன்று. சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்பக்கத்தில் வழவழப்பான ஒரு இரும்பு முகம் இருக்கிறது. அதை உரசியபடி, ஒரு நெம்புகோலின் நுனியில், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு மின்காந்தம். மின்னோட்டம் வந்ததும் காந்தம் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொள்ள முயல்கிறது. டிரம் சுழல்வதால் காந்தத்தையும் தன்னோடு இழுக்கிறது. காந்தம் நகர நெம்புகோல் திரும்புகிறது. நெம்புகோல் பிரேக் ஷூக்களை அகட்டி டிரம்மில் அழுத்துகிறது. ஒரு காந்தத்துக்குத் தேவைப்படுவது சுமார் 3 ஆம்பியர். 12 வோல்ட்டில் 36 வாட். பிரேக்கைப் பிடிக்கும் பெரும் விசையை மின்சாரம் தரவில்லை. அதைத் தருவது ஓடுகிற சக்கரம். மின்சாரம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன் 1824இல் லாடம்போல் வளைத்த இரும்பில் கம்பியைச் சுற்றி முதல் மின்காந்தத்தைச் செய்தார். சுமார் 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கியது. அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கம்பிக்குக் காப்புறை போட்டு அடுக்கடுக்காகச் சுற்றினார். யேல் கல்லூரிக்காக 1831இல் அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. நூறாண்டு கழித்து, 1920களில், விஸ்கான்சின் மாநிலத்துப் பெலாய்ட் நகரத்தின் ஆர்தர் வார்னர் அதே காந்தத்தை வண்டிச் சக்கரத்துக்குள் கொண்டுவந்தார். வேகமானி செய்து பேர் வாங்கியவர் அவர்.

டிரக்கின் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது கன்ட்ரோலர். அதற்குள் போகிற வயர்கள் நான்கே. கறுப்பு பேட்டரியின் நேர்முனையிலிருந்து வருகிறது, நடுவில் ஒரு சர்க்யூட் பிரேக்கர். வெள்ளை எதிர்முனைக்குப் போகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார் என்ற செய்தியை பிரேக் விளக்கின் சுவிட்சிலிருந்து சிவப்பு கொண்டுவருகிறது. நீலம் டிரெய்லரின் காந்தங்களுக்கு மின்சாரத்தை எடுத்துச் செல்கிறது. வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை உள்ளே இருக்கும் முடுக்கமானி உணர்ந்து, அதற்கு ஏற்ற அளவு மின்சாரத்தை நீல வயரில் அனுப்புகிறது. டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும், அதாவது எவ்வளவு ‘கெயின்’ வேண்டும் என்று ஓட்டுநர் ஒரு திருகில் வைத்துக்கொள்ளலாம். டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு சிறு லீவரும் உண்டு.

நிறுத்தி வைத்த வண்டியில் பிரேக்கை மிதித்து, “நீல வயரில் கரண்ட் வரல” என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். வண்டி ஓடாதபோது முடுக்கமானிக்கு உணர ஒன்றும் இல்லை. கன்ட்ரோலர் கொஞ்சமாகத்தான் அனுப்பும். நின்ற வண்டியில் சோதிக்க வேண்டுமானால் லீவரைத்தான் தள்ள வேண்டும். லீவருக்கு வேலை செய்து, ஓட்டும்போது மிதிக்கு வேலை செய்யவில்லை என்றால் சந்தேகம் சிவப்பு வயரின் மேல். அது ஒரு சிறு பழுது, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கடினமானது நீலத்திலும் வெள்ளையிலும் ஒளிந்திருப்பது. இனிமேல் கொஞ்சம் கணக்கு.

இரண்டு ஆக்ஸில் டிரெய்லரில் நான்கு காந்தங்கள். ஒவ்வொன்றின் மின்தடையும் சுமார் 3.2 ஓம். நான்கும் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தத் தடை 0.8 ஓம்தான். 12 வோல்ட்டை 0.8ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். வயரின் இழப்பும் போக நடைமுறையில் 12 ஆம்பியர் அளவில் நிற்கும். இப்போது வெள்ளை வயர் சட்டத்தோடு சேரும் போல்ட்டில் துரு ஏறி, அந்த ஒரு இடத்தில் மட்டும் 1 ஓம் தடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 1 ஓம் என்பது நினைக்கவே தோன்றாத சிறிய எண். ஆனால் சுற்றின் மொத்தத் தடை 0.8இலிருந்து 1.8 ஆகிவிட்டது. மின்னோட்டம் 15இலிருந்து 6.7 ஆம்பியராகச் சரிகிறது. காந்தங்களுக்குக் கிடைப்பது 5.3 வோல்ட். மிச்சம் 6.7 வோல்ட் துருவில் வெப்பமாகப் போகிறது. 45 வாட், போல்ட்டைத் தொட்டால் சுடும்.

பிரேக்கின் இழப்பு இதைவிட மோசம். காந்தம் இரும்பை இழுக்கும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. மின்னோட்டம் 44 சதவிகிதம் ஆனால் இழுவிசை 20 சதவிகிதத்துக்கு இறங்கிவிடும். முழு மின்னோட்டத்தில் இரும்பு காந்தச் செறிவை நெருங்கும் என்பதால் உண்மையான சரிவு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனாலும் மலையிறக்கத்தில் அந்த வித்தியாசம் காப்பாற்றாது.

அதே துரு, அதே 1 ஓம். பின்விளக்கின் பல்பு ஒன்று எடுப்பது அரை ஆம்பியர். அரை ஆம்பியர் 1 ஓம் வழியாகப் போனால் இழப்பது அரை வோல்ட். 12க்குப் பதில் 11.5 வோல்ட்டில் எரியும் பல்பை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. எல்.இ.டி. விளக்கானால் இன்னும் குறைவாகவே எடுக்கும், இழப்பும் குறையும். ஆக, விளக்கு எரிவதை வைத்து “எர்த் நல்லா இருக்கு” என்று சொல்ல முடியாது. விளக்குக்குப் போதுமான எர்த் பிரேக்குக்குப் போதாது.

மல்டிமீட்டர் இன்னும் ஆபத்தான சாட்சி. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 1 கோடி ஓம். 12 வோல்ட் அளக்கும்போது அது எடுக்கும் மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். வழியில் ஆயிரம் ஓம் துரு இருந்தாலும் அதில் இழக்கப்படுவது ஆயிரத்தில் ஒரு வோல்ட் அளவுதான். இருபது இழைச் செம்பு வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மாடித் தொட்டிக் குழாயில் முக்கால்வாசி அடைப்பு இருக்கலாம். திருகை மூடி வைத்துவிட்டு அழுத்தம் பார்த்தால் முழு அழுத்தம்தான் தெரியும். திறந்தால்தான் சொட்டுவது தெரியும். மின்சுற்றிலும் அப்படித்தான். ஓட்டம் ஓடும்போது எடுத்த அளவையே நம்ப வேண்டும்.

இனி, அப்படி அளப்பது எப்படி?

டிரெய்லரின் சக்கரங்களுக்கு அண்டைக்கல் கொடுத்துவிட்டு, ஏழு முனை பிளக்கைக் கழற்றுங்கள். டிரக் ஒரு பக்கம், டிரெய்லர் ஒரு பக்கம் எனச் சுற்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. எந்தப் பாதியில் பழுது என்று முதலில் தீர்மானித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. டிரக் பக்கம் சாக்கெட்டின் பிரேக் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி, கெயினை உச்சத்தில் வைத்து, லீவரை முழுக்கத் தள்ளுங்கள். பல்பு நான்கரை ஆம்பியர் இழுக்கும். அது பளிச்சென்று எரிந்து, எரியும்போதே அதன் முனைகளில் 11.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் டிரக் பக்கத்தைப் பெருமளவு நம்பலாம். மங்கினால் பழுது முன்பக்கம்: கன்ட்ரோலரின் கறுப்பு வயரை பேட்டரியில் கோக்காமல் டேஷ்போர்டுக்குள் ஏதோ மெல்லிய வயரில் இணைத்திருப்பார்கள், அல்லது வெள்ளை வயரை பெயின்ட் அடித்த தகட்டில் திருகியிருப்பார்கள்.

டிரெய்லர் பக்கம் நான் மிகவும் மதிக்கும் சோதனை ஒன்று உண்டு. நல்ல 12 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பிளக்கின் பிரேக் முனைக்கும், எதிர்முனையை எர்த் முனைக்கும் கொடுங்கள். நடுவில் ஆம்பியர் அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை நான்கு காந்தங்களுக்குத் தாங்காது, அதன் ஃபியூஸ் போய்விடும். கிளாம்ப் மீட்டர் நல்லது. ஆனால் அது நேர்மின்னோட்டம் அளப்பதாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங் வேலைக்கு வாங்கும் மலிவான கிளாம்ப் மீட்டர்கள் மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். அவற்றில் எப்போதும் சுழியம்தான் வரும், அதை நம்பி காந்தங்களைக் கழற்றிவிடக் கூடாது.

இப்போது எண் பேசும். 12 ஆம்பியர் அளவில் நின்றால் நான்கு காந்தங்களும் வேலை செய்கின்றன. 9 என்றால் ஒன்று செத்துவிட்டது. 6 என்றால் இரண்டு. பெரும்பாலும் ஒரு ஆக்ஸிலுக்குப் போகும் வயரே அறுந்திருக்கும். காந்தங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. 7.5 போல 3இன் மடங்காக இல்லாத எண் வந்தால், நான்கும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் நான்குக்கும் பொதுவான வழியில் எங்கோ தடை. சுழியம் என்றால் நீலமோ வெள்ளையோ முற்றிலும் அறுந்திருக்கிறது. ஃபியூஸ் உடனே போனால் ஷார்ட். எண் 12ஐவிடச் சற்றே கூடுதலாக நின்றால் ஏதோ ஒரு சுருளுக்குள் சில சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டன என்று சந்தேகிக்கலாம்.

பொதுவழித் தடையைத் தேட கிர்க்காஃப் கைகொடுக்கிறார். ஜெர்மன் அறிஞர் குஸ்தாவ் கிர்க்காஃப் 1845இல் மாணவராக இருக்கும்போதே தம் இரு விதிகளை வெளியிட்டார். மூடிய சுற்று ஒன்றைச் சுற்றி வந்தால், மூலம் தரும் மின்னழுத்தமும் வழியில் விழும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையும் சமம் என்பது அவற்றில் ஒன்று. பழுது பார்க்கிறவருக்கு இதன் பொருள் மிகவும் ஆறுதலானது: காணாமல் போன ஒவ்வொரு வோல்ட்டும் எங்கோ இருந்தாக வேண்டும்.

டிரக்கையும் டிரெய்லரையும் மறுபடி இணையுங்கள். கெயினை உச்சத்தில் வைத்து, ஒருவர் லீவரை முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொள்ளட்டும். கடைசிக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே அளக்கிறோம். டிரக்கின் பேட்டரியில் 12.4 வோல்ட், காந்தத்தில் 7 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 5.4 வோல்ட் காணவில்லை. மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் நேர்முனையிலும் மறு முள்ளை கன்ட்ரோலரின் கறுப்பு வயரிலும் வைத்தால் 0.3. கன்ட்ரோலரின் உள்ளே, கறுப்பிலிருந்து நீலத்துக்கு 0.2. அங்கிருந்து பின்பக்க சாக்கெட் வரை 0.6. சாக்கெட்டிலிருந்து காந்தம் வரை 0.5. போகும் வழியில் மொத்தம் 1.6 வோல்ட். மிச்சம் 3.8 திரும்பும் வழியில்தான் இருந்தாக வேண்டும், அளக்கும் முன்பே தெரிகிறது. காந்தத்தின் எர்த் முனையிலிருந்து பேட்டரியின் எதிர்முனை வரை துண்டு துண்டாக மீட்டரை நகர்த்தினால், எந்த இரு புள்ளிகளுக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கே களிம்பேறிய ஒரு இணைப்பு கிடைக்கும்.

இதற்கு மீட்டரின் வயர் நீளம் போதாது. டிரக்கின் பானெட்டிலிருந்து டிரெய்லரின் பின் ஆக்ஸில் வரை நீளும் இன்னொரு வயர் வேண்டும். அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை. முன்பு நம்மை ஏமாற்றிய அதே 1 கோடி ஓம் உள்தடை இப்போது உதவுகிறது: மீட்டரின் வயரில் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஓடுவதே இல்லை, அதனால் அந்த நீள வயரில் எதுவும் இழக்கப்படுவதில்லை.

பெரும்பாலோர் போகும் வழியை மட்டும் தேடுகிறார்கள். மின்சாரம் வருகிறதா என்பதுதான் மனதில் முதலில் எழும் கேள்வி. அது திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று தோன்றுவதில்லை. டிரெய்லரில் இந்தப் பழக்கம் தண்டனை தரும், ஏனென்றால் அங்கே திரும்பும் வழிக்கு ஒரு கள்ளப் பாதை இருக்கிறது. டிரக்கின் பின்னால் எஃகு உருண்டை. டிரெய்லரின் இணைப்புக் கிண்ணம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை வயர் அறுந்துபோனாலும் சட்டத்திலிருந்து உருண்டை வழியாக மின்சாரம் திரும்பிவிடும். உருண்டையில் கிரீஸ் பூசியிருக்கும், இழுக்கும்போது இறுக்கமாகத் தொடும், குலுங்கும்போது விலகும். விளக்குகள் சிலசமயம் மங்கும், கன்ட்ரோலர் ‘டிரெய்லர் இணைப்பு இல்லை’ என்று ஒரு கணம் காட்டிவிட்டு மறுபடி சரியாகும். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் வரும் இந்தப் பழுதைப் பணிமனையில் இணைத்தபடியே நிற்கும் வண்டியில் யாராலும் பிடிக்க முடியாது. டிரெய்லரை உருண்டையிலிருந்து தூக்கிவிட்டு, பிளக்கை மட்டும் மாட்டி, சோதனையைத் திரும்பச் செய்தால் கள்ளப் பாதை அடைபட்டு உண்மை தெரிந்துவிடும்.

போகும் வழியில் மோசமான இடம் ஆக்ஸில் குழாய்தான். பல டிரெய்லர்களில் இடப்பக்க பிரேக்கிலிருந்து வலப்பக்க பிரேக்குக்குப் போகும் வயர்களை ஆக்ஸிலின் உள்ளே வெறுமனே நுழைத்து விட்டிருப்பார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கலில் வயர் குழாயின் உட்சுவரில் உரசி உரசி, காப்புறை தேய்ந்து, செம்பு எஃகைத் தொடும். ஒரு குலுக்கலில் ஷார்ட்; அடுத்த குலுக்கலில் சரி. வெளியே எங்கு பார்த்தாலும் வயர் புதிதுபோல இருக்கும். பழைய வயரை வெட்டி இரு முனைகளையும் அப்படியே விட்டுவிட்டு, புது வயரை ஆக்ஸிலின் வெளிப்பக்கமாகக் குழாய்க்குள் வைத்து எடுத்துப் போவதுதான் என் கருத்தில் சரியான தீர்வு. இழுத்து வெளியே எடுத்துப் பார்க்கும் ஆர்வத்தில் மணிக்கணக்காக மல்லாடுவதில் பயனில்லை.

வயரின் பருமனும் ஒரு பழுதுதான், பிறவியிலேயே வருவது. அமெரிக்க அளவுமுறையில் 16 கேஜ் வயர் ஏறத்தாழ 1.3 சதுர மி.மீ.; நாம் வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1.5ஐவிட மெல்லியது. 10 கேஜ் 5.3 சதுர மி.மீ. கன்ட்ரோலரிலிருந்து கடைசிக் காந்தம் வரை 14 மீட்டர் என்று வைத்தால், 12 ஆம்பியர் ஓடும்போது 16 கேஜ் வயரில் ஒரு வழிக்கு மட்டும் 2.2 வோல்ட் போய்விடும். 10 கேஜில் அரை வோல்ட். ஒரு முனையும் துருப்பிடிக்காத, ஒரு இழையும் அறாத புத்தம்புது டிரெய்லரிலும் பிரேக் சோம்பலாக இருப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

துரு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் கனடாவிலும் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கரைசல் தெளிக்கிறார்கள். அது டிரெய்லரின் அடிப்பக்கமெல்லாம் படிகிறது. வயரை வெட்டாமல் மேலே வைத்து அழுத்தினால் தானே காப்புறையைக் கிழித்துச் செம்பைத் தொடும் கவ்விகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. வண்டிக்கு வெளியே அவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவை சில இழைகளை வெட்டுகின்றன, கிழித்த ஓட்டை வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே விடுகின்றன. உள்ளே போன தண்ணீர் இழைகளுக்கு இடையே ஊர்ந்து வெகுதூரம் போகும். அப்படிப்பட்ட வயரை உரித்தால் செம்பு கறுத்திருக்கும். பளபளப்பான இடம் வரும்வரை வெட்டித் தள்ளிவிட்டு, உட்பசை உள்ள சுருங்குகுழாய் போட்ட இணைப்பானில் அழுத்திச் சேர்க்க வேண்டும்.

நிறத்தையும் நம்ப வேண்டாம். சிறு டிரெய்லர்களின் நான்கு முனை பிளக்கில் பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. வீட்டு டிரெய்லர்களின் ஏழு முனை முறையில் பச்சை பின்விளக்கு, சிவப்பு இடது, பழுப்பு வலது. வெள்ளையும் நீலமும் பெரும்பாலும் மாறாதவை என்றாலும், முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருந்தால் அதுவும் இல்லை. ஒவ்வொரு முனையும் என்ன செய்கிறது என்று பல்பு வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

பிரேக் பலவீனமாகத் தெரிந்ததும் ஓட்டுநர்கள் செய்வது கெயினைக் கூட்டுவது. நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். நான்கில் ஒரு காந்தம் செத்திருக்கும்போது கெயினைக் கூட்டினால் மற்ற மூன்றும் தேவைக்கு மேல் பிடிக்கும். ஈரச் சாலையில் அவற்றில் ஒன்று பூட்டிக்கொண்டு வழுக்கினால் டிரெய்லர் பக்கவாட்டில் வீசும். எப்போதும் 5இல் வைத்துக்கொண்டிருந்த கெயின் இப்போது 8 வேண்டியிருக்கிறது என்றால் அதையே ஒரு பழுதின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாதியளவு பிரேக்கில் மீட்டரை வைத்துக் குழம்புகிறவர்களுக்கு ஒரு விளக்கம். இன்றைய கன்ட்ரோலர்கள் மின்னழுத்தத்தைக் குறைத்து அனுப்புவதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை முழு 12 வோல்ட்டைத் திறந்து மூடுகின்றன. பாதி நேரம் திறந்திருந்தால் சராசரி 6 வோல்ட். சுருளின் மின்தூண்டல் திடீர் மாற்றத்தை எதிர்ப்பதால் காந்தத்தில் ஓட்டம் துண்டுபடாமல் சீராகவே ஓடுகிறது. ஆனால் மீட்டர் இந்தத் துடிப்பைப் படிக்கத் திணறி, எண்களைத் தாவவிடும். அதற்காகத்தான் மேலே கன்ட்ரோலர் வழியாக அளக்கும் சோதனைகளில் கெயினை உச்சத்தில் வைக்கச் சொன்னேன். அப்போது துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி ஏறத்தாழ இல்லாமல் போய்விடும். இந்தத் துடிப்பால் ஒரு நன்மையும் உண்டு: லீவரைப் பாதி தள்ளிவிட்டுச் சக்கரத்தின் அருகே காதை வைத்தால் உயிருள்ள காந்தம் மெல்ல ரீங்கரிப்பது கேட்கும்.

காது போதாது என்றால் திசைகாட்டி. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் கண்டார். அதே சோதனையை டிரெய்லருக்குக் கீழே செய்யலாம். பிரேக்கின் பின்தட்டுக்கு அருகே திசைகாட்டியைப் பிடித்து லீவரைத் தள்ளினால் ஊசி அசைய வேண்டும். நான்கு சக்கரங்களையும் இப்படிப் பார்த்துவிட்டால் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் செத்த காந்தம் எது என்று தெரிந்துவிடும்.

நான்கும் ரீங்கரித்து, ஊசியும் அசைந்து, ஆம்பியரும் சரியாக இருந்து, பிரேக் மட்டும் பிடிக்கவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். பேரிங்கிலிருந்து கசிந்த கிரீஸ் ஷூக்களில் படிந்திருக்கும், அல்லது ஷூக்கள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும்.

கடைசியாக ஒரு சுவிட்ச். டிரெய்லர் இணைப்பிலிருந்து கழன்று ஓடினால் ஒரு கேபிள் இழுபட்டு, சுவிட்சில் செருகியிருக்கும் ‘பின்’ வெளியே வரும். டிரெய்லரின் சொந்த பேட்டரி நேராக நீல வயரில் பாய்ந்து எல்லாக் காந்தங்களையும் பிடிக்க வைக்கும். டிரெய்லரின் முன்நுனியில், மழையும் சேறும் படும் இடத்தில் இருப்பதால் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம். இறங்கினால் பின் உள்ளே இருக்கும்போதே நீல வயரில் மின்சாரம் கசியும். பிரேக் இலேசாகப் பிடித்தபடியே ஓடி டிரம் சூடாகும், கன்ட்ரோலர் காரணமில்லாமல் ‘ஷார்ட்’ என்று காட்டும். சுவிட்சின் ஒரு வயரைக் கழற்றியதும் அந்த அறிகுறிகள் மறைந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், சுவிட்சை மாற்றிவிடலாம்.

இந்த அவசர பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. 12 ஆம்பியர் கால் மணி நேரம் ஓடினால் 3 ஆம்பியர்-மணி. பல டிரெய்லர்களில் இதற்கென வைக்கும் சிறு பேட்டரி 5 ஆம்பியர்-மணிதான். இவ்வளவு வேகமாக இறக்கும்போது அதுவும் முழுவதாகக் கிடைக்காது, சில ஆண்டுகள் ஆனதென்றால் இன்னும் குறையும். சும்மா இருக்கும்போது அதில் 12.6 வோல்ட் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். டிரக்கின் பிளக்கைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் எதிர்த்திசையில் கன்ட்ரோலருக்குள் புகுந்து அதைக் கெடுக்கலாம். பின்னை இழுத்து, காந்தங்கள் முழு ஓட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியில் மீட்டரை வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அன்றைக்கே புது பேட்டரி வாங்க வேண்டும். சோதனை முடிந்ததும் பின்னை மறக்காமல் உள்ளே செருகிவிட்டு, டிரெய்லரை ஒரு அடி நகர்த்தி, நான்கு சக்கரங்களும் விட்டுக்கொடுக்கின்றனவா என்று பாருங்கள்.